ஹெட்போன் போட்ட பெண்

எங்கள் நிறுவனத்தில் மொத்தம் நான்கு பேர். மென்பொருள் எழுதிக் கொடுப்பது வேலை. ஆனால் தொடக்கத்தில் எங்கள் வலைத்தளத்தைப் பார்த்தவர்கள் நாற்பது பேராவது இருப்போம் என்று நினைத்திருப்பார்கள். கண்ணாடிச் சுவர்கள், கோட்டு போட்ட ஆட்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண். எல்லாம் காசு கொடுத்து வாங்கிய படங்கள். கீழே ‘உலகத்தரமான தீர்வுகள்’ என்று ஒரு வரி. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதிய எனக்கே தெரியாது.

ஒருநாள் வீடியோ அழைப்பில் ஒருவர் பேச்சுவாக்கில், “ஏதாவது பிரச்சினைன்னா அந்த ஹெட்போன் போட்டவங்கதான் பேசுவாங்களா?” என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. என் கூட்டாளி மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தான். நான் ஏதோ சமாளித்தேன். அந்த வேலை வரவில்லை.

அப்புறம்தான் படங்களைத் தூக்கினோம். கைபேசியில் எடுத்த எங்கள் நான்கு முகங்களைப் போட்டோம். கூடவே ‘நாங்கள் செய்யாதவை’ என்று ஒரு பகுதி. மொபைல் செயலி செய்வதில்லை. ஒரே நேரத்தில் மூன்று வேலைகளுக்கு மேல் எடுப்பதில்லை. இரவில் தொலைபேசியை எடுக்க ஆள் கிடையாது. முதல் சில மாதங்கள் விசாரிப்புகள் குறைந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அழைத்தவர்கள் அந்தப் பகுதியைப் படித்துவிட்டே அழைத்தார்கள். பேச்சு நேராக வேலைக்கு வந்தது.

வாடகைக் கார் நிறுவனமான ஏவிஸ், தான் இரண்டாமிடத்தில் இருப்பதையே 1962-இல் விளம்பரமாக்கியது. ‘அதனால் கூடுதலாக முயல்கிறோம்’ என்பது அதன் சாரம். பல ஆண்டுகள் நஷ்டத்தில் கிடந்த நிறுவனம் சீக்கிரமே லாபத்துக்குத் திரும்பியது. கார் அழுக்காக வந்திருந்தால் அந்த வரி வெறும் ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் நின்றிருக்கும்.

எங்களுக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. ஓர் இரவு, சோதனை சர்வரில் செய்ய வேண்டிய மாற்றத்தை நான் தவறுதலாக நிஜ சர்வரில் செய்துவிட்டேன். வாடிக்கையாளரின் ஆர்டர் படிவம் இரண்டு மணி நேரம் வேலை செய்யவில்லை. அவருக்குத் தெரியாது, சொல்லாவிட்டால் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. காலையில் அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி, எத்தனை ஆர்டர் போச்சு?” என்றார். அந்த மாத பில்லில் பாதியைக் கழித்துக்கொண்டார். ஆனால் அடுத்த வேலையையும் எங்களிடமே கொடுத்தார்.

நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்று இதைச் சொல்ல எனக்குக் கூச்சம். அவரோடு இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்திருந்தோம். உளவியலாளர் எலியட் ஆரான்சன் 1966-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், வினாடி வினாவில் 92 விழுக்காடு சரியாகச் சொன்னவர் காபியைக் கொட்டிக்கொண்டபோது, ஒலிப்பதிவில் அதைக் கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. 30 விழுக்காடு சொன்னவர் கொட்டியபோது மதிப்பு இறங்கியது. முதல் மாதமே நான் அந்தத் தவறைச் செய்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

இப்போது ‘இயல்பாக இருப்பது’ என்பதே ஒரு வேஷமாகிவிட்டதோ என்று சில நாள் தோன்றும். தோல்வியைப் பற்றி எழுதும்போதுகூட நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறார்கள். நாங்களும் யோக்கியர்கள் இல்லை. போன வாரம் ஒரு பெரிய வேலைக்கான படிவத்தில், ‘இதுபோன்ற வேலை முன்பு செய்ததுண்டா?’ என்று கேட்டிருந்தார்கள். ‘பல’ என்று தட்டினேன். கூட்டாளி பின்னாலிருந்து, “ஹெட்போன் அம்மா திரும்பி வந்துட்டாங்க போல” என்றான். அழித்துவிட்டு, ‘ஒன்று, சிறியது’ என்று போட்டு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.