11 வருடம் வயரிங் செய்தவன் உரிமத் தேர்வில் தோற்ற கதை

எலக்ட்ரீஷியன் உரிம அட்டை நேற்று கைக்கு வந்தது. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து எண்ணினால் 14 மாதம். அதில் படிப்புக்கும் தேர்வுக்கும் போனது சொற்பம். மிச்சத்தை ஒரு கடிதமும் ஒரு டெஸ்டரும் தின்றுவிட்டன.

நான் உதவியாளாகச் சேர்ந்து, பைப் பதித்து, வயர் இழுத்து, கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸ் கட்டுவது வரை கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்டவன். கையெழுத்துப் போடும் உரிமம் மட்டும் கிடையாது. வேலை முழுக்க நான் செய்வேன். முடிந்ததும் உரிமம் வைத்திருப்பவர் ஒருவர் வந்து, போர்டைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இனியும் இப்படியே எத்தனை நாள் என்று தோன்றித்தான் விண்ணப்பித்தேன்.

அனுபவச் சான்றில் முதல் அடி. காண்ட்ராக்டர் அண்ணன் நல்ல மனசோடு எழுதிக் கொடுத்த கடிதம்: "நேர்மையானவர், உழைப்பாளி, என்னிடம் பல வருடமாக மின் வேலை செய்து வருகிறார்." கவுன்ட்டரில் இருந்தவர் படித்துவிட்டு அப்படியே திருப்பித் தள்ளினார். "என்ன வேலைன்னு இதுல இல்லையே?" சரி, என்ன வேலை என்று எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். "அவரோட உரிம எண் எங்கே?" மூன்றாவது தடவை எண்ணோடு போனால், அந்த உரிமம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம் வேண்டுமாம். அதைத் தேடி எடுத்தபோதுதான் அண்ணனுக்கே தெரிந்தது, நடுவில் 8 மாதம் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். அந்த 8 மாதமும் என் கணக்கிலிருந்து கழிந்துபோனது.

"இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

"நீங்க கேட்கலையே" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதனால் இனி போகிறவர்கள் கேட்டுவிடுங்கள். கடிதத்தில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, செய்த வேலையின் வகை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். புது வயரிங்கா, பராமரிப்பா, மோட்டார் இணைப்பா, சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா, டெஸ்டிங் செய்திருக்கிறீர்களா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். "அனைத்து மின் வேலைகளும்" என்று எழுதினால் ஒன்றுமே எழுதாத மாதிரிதான். கையெழுத்துப் போடுகிறவரிடம், தயக்கமாக இருந்தாலும், உரிமத்தின் நகலையும் வாங்கிவிடுங்கள்.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தின் முதலாளி தொழிலையே விட்டுவிட்டார். ஆளையும் பிடிக்க முடியவில்லை. அந்த 4 வருடமும் போச்சு என்றுதான் நினைத்தேன். பழைய டூல் பையின் அடியில் பிளாஸ்டிக் கவரில் ஒரு கட்டுத் தாள் கிடந்தது. வேலை முடிந்ததும் எழுதும் டெஸ்ட் ரிப்போர்ட்டின் கார்பன் நகல்கள். "சோதித்தவர்" என்ற இடத்தில் என் கையெழுத்து, கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்தும் உரிம எண்ணும். எதற்காக எடுத்து வைத்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. கவுன்ட்டர்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் முத்திரை குத்தினார். அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எழுத்துத் தேர்வு பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கேபிள் அளவு கேட்டால், அட்டவணையில் இருக்கும் ஆம்பியரை அப்படியே எழுதிவிட்டு நகராதீர்கள். ஒரே பைப்பில் 3 சர்க்யூட் போனால் சூடு தாங்காது. அந்த ஆம்பியரை 0.7-ஆல் பெருக்கிய பிறகுதான் பதில் வரும். என்னோடு எழுதியவர்களில் பாதிப் பேர் அதில்தான் கோட்டை விட்டோம் என்றார்கள்.

செய்முறைத் தேர்வுக்குக் கொஞ்சம் திமிரோடுதான் போனேன். கொடுத்த வேலை, ஒரு சாக்கெட்டை மாற்றுவது. இதற்கா இத்தனை நாள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த லைனின் பிரேக்கரான எம்சிபியை ஆஃப் செய்தேன், பாக்கெட்டிலிருந்து நியான் டெஸ்டரை எடுத்துச் சாக்கெட்டில் வைத்தேன், எரியவில்லை. ஸ்குரூவில் கை வைத்தேன்.

"போதும், வெச்சிருங்க" என்றார் தேர்வு அதிகாரி.

அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் கரன்ட் இருக்கும் சாக்கெட்டைக் காட்டி, "அதே டெஸ்டரை, நின்ன இடத்துலேயே நின்னு இதுல வைங்க" என்றார். காலுக்குக் கீழே தடிமனான ரப்பர் மேட், நேர் எதிரே ஜன்னல் வெளிச்சம். வைத்தேன். எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உள்ளங்கையால் மறைத்துக் குனிந்து பார்த்தபோது நூல் மாதிரி ஒரு சிவப்பு. நம் உடம்பு வழியாகப் போகும் துளிக் கரன்ட்டில் எரிகிற விளக்கு அது. ரப்பர் மேட்டில் நின்றால் மங்கத்தானே செய்யும்? 11 வருடமாக இதை நம்பித்தான் வயரில் கை வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

ஃபெயில். மறுபடி வர 3 மாதம் காத்திருக்கச் சொன்னார்கள்.

அவர்கள் எதிர்பார்ப்பது இதுதான். சர்க்யூட் எது என்று உறுதி செய்து, ஆஃப் செய்து, பிரேக்கருக்குப் பூட்டுப் போட்டு, சாவியை நம் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு, எச்சரிக்கை அட்டை தொங்கவிட வேண்டும். அப்புறம் இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கிற இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்றையும் பார்க்க வேண்டும். த்ரீ ஃபேஸ் என்றால் மொத்தம் 10 அளவு. கடைசியாக டெஸ்டரைத் திரும்பவும் கரன்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், நடுவில் அதன் வயர் அறுந்திருந்தால்? நியூட்ரல்-எர்த்தை எதற்குப் பார்ப்பது என்று நானும் கேட்டவன்தான். வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை யாராவது இதில் சேர்த்திருந்தால், நாம் அதைக் கழற்றிய நொடியில் அந்த லோடு வழியாக ஃபேஸ் வந்து நிற்கும். பழைய கட்டடங்களில் நானே இப்படி அடி வாங்கியிருக்கிறேன். காரணம் இப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது தடவை போகும்போது டெஸ்டரை மாற்றியிருந்தேன், திமிரையும் வீட்டில் வைத்துவிட்டேன். ஐசோலேஷன், அதாவது கரன்ட்டைத் துண்டித்து உறுதி செய்வது, ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. அடுத்தது மெக்கர் டெஸ்ட், வயரின் இன்சுலேஷன் வழியாகக் கரன்ட் கசிகிறதா என்று பார்ப்பது. 500 வோல்ட் டிசி கொடுத்தால் குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். அழுத்துவதற்கு முன் சர்க்யூட்டில் எல்இடி விளக்கும் டிம்மரும் இருப்பதைக் கவனித்துக் கழற்றினேன். விட்டிருந்தால் அவை செத்திருக்கும், மார்க்கும் போயிருக்கும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு அளந்தால் 0.4. பழுதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். சர்க்யூட்டை நடுவில் பிரித்து, எந்தப் பாதி மோசம் என்று பார்த்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, மூன்றாவது பெட்டியில் பிடித்துவிட்டேன். எர்த்தோடு சேரும்படி நியூட்ரலில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகியிருந்தார்கள். அதிகாரி முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, என் பிரமையாகவும் இருக்கலாம்.

ஆர்சிடி என்பது எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் தானாகவே விழுந்து (டிரிப் ஆகி) கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச். அதன் சோதனையில் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி என்றால் 15-இல் விழக் கூடாது, 30-இல் 300 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும். இரண்டையும் மீட்டரில் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் டிக் போடாதீர்கள், வந்த எண்ணை எழுதுங்கள். எனக்குப் பக்கத்து மேஜையில் ஒருவர் எல்லாச் சோதனையும் சரியாகச் செய்துவிட்டு, வரிசையாக "ஓகே, ஓகே" என்று எழுதி மார்க்கை இழந்தார். பாவம், நல்ல வேலைக்காரர்.

பிறகு முடிவு வந்தது, கட்டணம் கட்டினேன், அட்டை வந்தது. பிரித்துப் பார்த்தால் என் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. திருத்த விண்ணப்பத்தோடு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று இந்தத் தடவை முதலிலேயே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். மூன்று. மூன்றுக்கும் நகல் டூல் பையில் இருக்கிறது.