கடலோரத்துப் பழைய வண்டியும் சாம்பல் பிரைமரும்

பத்மினியோ அம்பாசிடரோ, பெயிண்டைச் சுரண்டி இறக்கியதும் பட்டறையில் ஒரு கோட் சாம்பல் சர்ஃபேசர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர்) அடித்து ஓரமாக நிறுத்திவிடுவார்கள். தகடுதான் மூடியாயிற்றே என்று நமக்கும் நிம்மதியாக இருக்கும். முத்தியால்பேட்டையிலோ கடலூர் முதுநகரிலோ நிற்கிற வண்டிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. சர்ஃபேசர் தேய்த்துச் சமன்படுத்துவதற்கானது, ஈரத்தை உறிஞ்சும். ஒரு மழைக்காலம் போதும், சாம்பல் பரப்பில் ஊசியால் குத்தியதுபோல் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். அந்த இடத்தைத் தேய்த்துப் பாருங்கள், அடியில் தகடே பழுப்பாகியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மூலம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் அது நடக்கிறது, மழையே வேண்டாம். அதனால் கிரைண்டரைத் தொடுமுன் வண்டியைக் கழுவ வேண்டும். கரிக்கிற போர் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. நல்ல தண்ணீரே வேண்டும். மட்கார்டின் உள்பக்கம், ஃப்ளோர் மடிப்பு, கதவின் அடிப்பகுதி ஆகியவற்றை இரண்டு முறை அலசுங்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் தண்ணீரில் நின்ற வண்டியானால் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டிக்குள்ளும் குழாய் விட்டு, வருகிற தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும்.

ஒரே நாளில் வண்டி முழுவதையும் உரிக்காதீர்கள். மாலைக்குள் எவ்வளவு தகட்டை, ஈரத்தைத் தடுக்கும் எபாக்ஸி பிரைமரால் மூட முடியுமோ அவ்வளவுதான் திறக்கலாம். முதலில் 80 எமரி, பள்ளத்தில் உட்கார்ந்த துருவுக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம். அமிலம் காயுமுன் நல்ல தண்ணீரில் அலசி, ஹாட் ஏர் கன்னால் உலர்த்துங்கள். மிச்சம் தங்கினால் அதன் மேல் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. பிறகு கையுறை போட்டுத் தின்னரால் துடைக்க வேண்டும். வியர்வைக் கை பட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாக எழும்பும். கடற்கரை மணலை வைத்து பிளாஸ்டிங் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டவே வேண்டாம்: தகட்டுக்கு உப்பு, அடிப்பவருக்கு நுரையீரல் நோய்.

எபாக்ஸியைப் பனி உலர்ந்த பிறகு, மதியக் கடற்காற்று எழுமுன் அடித்து முடிப்பது நல்லது. தகட்டின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். கம்ப்ரஸர் டேங்கின் அடித் தண்ணீரை அன்று காலையே வடித்துவிடுங்கள். இரண்டு கோட். பள்ளம் நிரப்பும் பட்டி எபாக்ஸிக்கு மேலேதான், வெறும் தகட்டில் கூடாது. பட்டியும் ஈரம் குடிக்கும். டப்பாவில் போட்ட நேரத்துக்குள் அடுத்த கோட் அடிக்க முடியாமல் போனால் எமரி போட்டுக் கரகரப்பாக்கிய பிறகே தொடருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாரம் தாங்குவது பாடிதான். ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்குகிற சில்லுக்குப் பட்டி போட்டு மூடுவது ஆபத்து. நல்ல தகடு வரும்வரை வெட்டி, 20 கேஜ் சி.ஆர். தகடு வைத்து மிக் வெல்டிங் செய்யுங்கள். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில் முன்கூட்டியே துத்தநாக வெல்டிங் பிரைமர், வெல்டிங் முடிந்து எபாக்ஸியும் அடித்தபின் இணைப்பை அடைக்கும் சீம் சீலர்.

பெட்டிப் பகுதிகளின் உள்ளே துருவைத் தடுக்க அடிக்கும் கேவிட்டி வேக்ஸ் கடைசியில்தான், வெல்டிங் சூட்டில் அது எரிந்துவிடும். பெயிண்ட் காய்ந்தபின் நீள நாசில் விட்டுச் சில், கதவு, பாக்ஸ் பகுதிகளுக்குள் அடியுங்கள். இதற்குப் பதில் கழிவு ஆயில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் புஷ் ஊறிக் கெட்டுப்போகும். வேக்ஸ் வடிந்து நின்றதும் கதவின் அடியிலும் சில்லிலும் உள்ள வடிகால் துளைகளை ஒவ்வொன்றாக ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அடைபட்ட ஒரு துளை போதும், அடுத்த மழைத் தண்ணீர் உள்ளேயே தங்கும். வண்டியைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாமல், காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் நிறுத்துங்கள்.