ரசீது இல்லாத வவுச்சர்

பாலியல் தொழிலாளர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் ஒரு எச்.ஐ.வி. தடுப்பு அமைப்பில் ஏழு வருடம் கணக்கு எழுதினேன். ஆணுறை, பால்வினை நோய்ச் சிகிச்சை, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவது, இதெல்லாம் தணிக்கையில் கேள்வியே இல்லாமல் தேறிவிடும். 'இதர செலவு' என்ற வரியில் மட்டும் வருடா வருடம் சிவப்பு மையில் வட்டம் விழும்.

அதில் ஒரு வவுச்சர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பெண்ணைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பையில் ஆணுறை இருந்ததையே அவருக்கு எதிரான சாட்சி ஆக்கினார்கள். எங்கள் பியர் எஜுகேட்டர் அக்கா (அதே தொழிலில் இருந்துகொண்டே மற்றவர்களுக்கு வழிகாட்டுபவர்) வண்டி பிடித்துப் போய், விடியும்வரை அங்கேயே இருந்து அவரைக் கூட்டி வந்தார். வண்டிக்காரர் ரசீதா கொடுப்பார்? வெள்ளைத்தாளில் தொகை எழுதி, அக்காவின் கட்டைவிரல் ரேகை வாங்கி வைத்தேன்.

"இதுக்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன சம்பந்தம்?" என்றார் தணிக்கைக்கு வந்தவர்.

பிடிபடுவோம் என்ற பயம் இருந்தால் பையில் ஆணுறை இருக்காது. அப்புறம் எத்தனை பெட்டி கொடுத்து என்ன பயன்? கொடுத்த ஆணுறை பயன்பட வேண்டுமென்றால் அந்த ராத்திரிச் செலவும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும்.

2003-இல் இந்தியாவில் தொடங்கிய ஆவாஹன் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தை ஆய்வாளர்கள் இப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். தென்னிந்தியாவின் 22 மாவட்டங்களில் நான்கு ஆண்டுகளில் சுமார் 61,000 தொற்றுகள் தவிர்க்கப்பட்டன. ஒரு தொற்றைத் தடுக்க ஆன செலவு சுமார் 785 டாலர். தொற்றிவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரை. பெல்லாரி, பெல்காம் மாவட்டங்களில் பாலியல் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டும் செலவை மட்டும் தனியாகப் பிரித்தும் பார்த்தார்கள். ஆரோக்கியமான வாழ்வில் ஓர் ஆண்டைக் காப்பாற்ற 20 டாலர்கூட ஆகவில்லை. எங்கள் கணக்கில் சிவப்பு வட்டம் விழுந்தது இதே வகைச் செலவுக்குத்தான்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய நோட்டில் ஆளுக்கு ஒரு படம்: பூ, கிளி, சாவி. பரிசோதனைக்கு வந்தவருக்குப் பச்சைப் பொட்டு, தவறவிட்டவருக்குச் சிவப்பு. மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்துத்தான் என் அறிக்கையை எழுதுவேன். கிளி ஏன் இரண்டு மாதமாக வரவில்லை, இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று அக்காவுக்குத் தெரியும். சம்பளத்துக்கு வெளியாள் போட்டிருந்தால், கிளியின் வீட்டுக் கதவு திறக்கவே ஆறு மாதம் ஆகியிருக்கும்.

எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கான தடுப்புச் சேவைகளில் 80 சதவீதத்தை 2025-க்குள், எங்களுடையதைப் போல அந்த மக்களே நடத்தும் அமைப்புகள்தான் நடத்த வேண்டும் என்று 2021-இல் ஐ.நா.வில் நாடுகள் உறுதி சொன்னன. அதே 2025-இல் அமெரிக்க நிதி நின்றபோது முதலில் அடிபட்டவற்றில் இந்த அமைப்புகளும் இருந்தன. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மறு வருடம் 'இதர' வரியை எடுத்துவிட்டு, 'நெருக்கடி உதவி' என்று தனித் தலைப்பு போட்டேன். ஒவ்வொரு வவுச்சரின் பின்னாலும் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதி ஒட்டினேன். அதே தணிக்கையாளர்தான் வந்தார். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தார். ஒன்றைக்கூட அடிக்கவில்லை.