அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்த மூன்று மாதங்கள்

அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று வார்டு மருத்துவர் சொன்ன அன்று காலை, தாதி ஒருவர் படிவத்தோடு வந்து நின்றார். "வீட்டில் இவரைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்?" என்று கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல் என் மனைவியின் பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கணத்தை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு அப்போது வயது 75. பக்கவாதத்தில் வலக் கையும் வலக் காலும் செயலிழந்திருந்தன. பேச்சு குழறியது. விழுங்க முடியாததால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். இருபது ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு), அதற்கும் முன்பிருந்தே இரத்தக் கொதிப்பு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பதினாறு வயதில் பால்வெட்டுக்குப் போனவர், மரங்களெல்லாம் செம்பனையாக மாறிய பிறகு பழம் பொறுக்கி, வேலை ஓய்ந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு தாமானுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்கு, வந்தார். மலிவு விலை வீடு. வாசலில் உயரமான படி, குந்தி உட்காரும் கழிவறை, கட்டில் நுழைவதற்கே சிரமப்படும் அறைக் கதவு.

வார்டிலேயே இரண்டு நாள் குழாய் வழி உணவு கொடுக்கக் கற்றுத் தந்தார்கள். கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலிருந்து ஆள் வருவார்கள் என்றார்கள். சுகாதார அமைச்சு 2014 முதல் நடத்திவரும் வீட்டுப் பராமரிப்புச் சேவை அது. மருத்துவமனையை விட்டு வந்த, உடல்நிலை ஒரு சீராக இருக்கிற, ஆனால் எழுந்து நடமாட முடியாத நோயாளிகளின் வீட்டுக்கு மருத்துவரும் தாதியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் வருகிறார்கள். இதைப் பற்றி எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கிராமக் கிளினிக் என்றால் பிள்ளை பெற்றவர்களுக்கும் தடுப்பூசிக்கும் உரிய இடம் என்றே எண்ணியிருந்தேன். என் இரண்டு பிள்ளைகளுக்கும் தராசைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து எடை பார்த்தவர்கள் அந்த ஊர்த் தாதியர்தாம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை நாங்கள் ஐந்து நாள் அலமாரியில் வைத்திருந்தோம். அவர்களே வருவார்கள் என்று காத்திருந்தது எங்கள் தவறு. ஆறாம் நாள் நானே கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். இதே நிலையில் இருப்பவர்கள் வீடு திரும்பிய மறுநாளே கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் தொலைபேசி எண்ணைப் பதிந்துவிட்டு வாருங்கள். அந்த ஐந்து நாளுக்குள் அம்மாவின் இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின்மேல், ஐம்பது காசு அளவுக்குத் தோல் சிவந்து உரிந்துவிட்டது. சின்னம்மா மஞ்சள் குழைத்துப் போடச் சொன்னார். போட்டோம்.

அடுத்த வாரம் கிளினிக் வேன் வந்து நின்றது. மருத்துவர் அம்மாவைச் சோதித்துவிட்டுச் சிகிச்சைக்கான குறிப்புகளை எழுதினார். அதன்பின் வாரந்தோறும் வந்தவர் சமூகத் தாதி. மலாய்க்காரப் பெண், நாற்பது வயதிருக்கும். தாதியரை நாங்கள் அழைக்கும் வழக்கப்படி எங்களுக்கு அவர் மிஸ்ஸி. அம்மாவை அவர் "அம்மா" என்றே அழைத்தார். என்னை "அபாங்" என்றார், மலாயில் அண்ணன். முதல் நாள், நினைவு எப்படி இருக்கிறது என்று பார்க்க அம்மாவிடம் சில கேள்விகள் கேட்டார். எந்த ஆண்டு பிறந்தீர்கள் என்றதற்கு அம்மா குழறிய மொழியில் ஏதோ சொன்னார். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். "துரைகளைச் சுட்ட வருசம்" என்கிறார் என்று விளக்கினேன். 1948 ஜூனில் எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டுத்தான் நாட்டில் அவசரகாலம் வந்தது. அம்மா தன் வயதை எப்போதும் அப்படித்தான் கணக்கிடுவார். மிஸ்ஸி சிரித்து, "என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. புண்ணைக் கழுவி மருந்துக்கட்டுப் போட்டுவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கையுறையை என்னிடம் நீட்டினார். "அபாங், நீங்கள் செய்யுங்கள். நான் பார்க்கிறேன்." மனைவி செய்வாள் என்றேன். "அவர் ஏற்கெனவே செய்கிறார். இரவு இரண்டு மணிக்கு யார் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

எங்கள் வீடுகளில் நடப்பது இதுதான். ஆண்கள் அஞ்சடியில், வீட்டு முன்தாழ்வாரத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நோய் விவரம் சொல்வோம். உள்ளே தூக்குவதும் துடைப்பதும் பெண்கள். மருத்துவமனையில் யாரும் இதைக் கேட்டதில்லை. அங்கிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. வீட்டுக்கு வந்தவருக்குத்தான் தெரிந்தது.

அன்று கற்றதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு நசுங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும். கெண்டைக்கால்களுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. மேலே நகர்த்தும்போது இழுக்கக் கூடாது. கீழே விரித்த துணியின் இரு பக்கமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் வெளுத்து, விட்டதும் சிவந்தால் பிழைத்தோம். அழுத்தியும் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அம்மாவின் கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மஞ்சளைப் பற்றிச் சின்னம்மாவை அவர் கடிந்துகொள்ளவில்லை. மேலே ஏதாவது பூசியிருந்தால் புண்ணின் நிறமும் ஆழமும் தனக்குத் தெரியாது, அதனால் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு சின்னம்மாவும் வற்புறுத்தவில்லை.

குழாய்க்கும் ஒழுங்கு உண்டு. மூக்கருகே உள்ள அடையாளம் நகரவில்லை என்று பார்த்து, ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சித் தாளில் தொட்டு நிறம் பார்த்த பிறகே உணவு கொடுக்க வேண்டும். தலைப்பக்கம் நன்கு உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பின்னும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். இல்லையேல் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். அதில் நிமோனியா வந்து இறந்தவர்கள் உண்டு என்று அவர் சொன்ன விதத்தில் என் கை நடுங்கிவிட்டது. நடுங்கினாலும் பரவாயில்லை, அவசரப்படாமல் கொடுங்கள் என்றார்.

மூன்றாவது வருகையில்தான் குளிப்பாட்டும் விவகாரம் வந்தது. மகன் கையால் உடம்பு துடைக்க அம்மா சம்மதிக்கவில்லை. நான் அருகில் போனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் மனம் ஒப்பவில்லை. மிஸ்ஸி ஒரு கைலியை எடுத்து அம்மாவின் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினார். அந்தக் கைலி கடைசிவரை விலகவே இல்லை. ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, உலர்த்தி, மறுபடியும் உள்ளே வைத்தார். அடுத்து ஒரு கால். மறைவான இடங்களை, கைலிக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே துடைக்க முடியும் என்று காட்டினார். ஒவ்வொன்றையும் செய்யும் முன் "அம்மா, இப்போது முதுகு" என்று சொல்லிவிட்டே தொட்டார். பாதியில் துணியை என்னிடம் கொடுத்தார். நானும் "அம்மா, இப்போது தோள்" என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, இடக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, துணியை இன்னும் கீழே, அரிக்கிற இடத்துக்கு இழுத்தார். அன்றிலிருந்து காலை வேலை மனைவிக்கும், இரவு முழுதும் எனக்கும் என்று பிரித்துக்கொண்டோம். செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியான (எழுத்தரான) எனக்குப் பகலில்தான் வேலை. இரவு பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொண்டேன்.

மருந்து டின்னையும் மறக்க முடியாது. பழைய பிஸ்கட் டின் அது. மிஸ்ஸி செய்தித்தாளை விரித்து அதைக் கவிழ்த்தார். அரசாங்கக் கிளினிக் மாத்திரைகள், தனியார் கிளினிக் மாத்திரைகள், மூட்டுவலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தவை, காலாவதியானவை எல்லாம் கலந்து கிடந்தன. வெள்ளையும் மஞ்சளுமாக இருந்த இரண்டு அட்டைகளைக் காட்டி, இரண்டும் ஒரே கொதிப்பு மருந்து, தயாரித்த நிறுவனம்தான் வேறு என்றார். அம்மா சில நாள் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றிய நாட்களில் இரண்டையும் விட்டிருக்கிறார். கொதிப்பு ஏறினால் தலை சுற்றும், தெரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. பெரும்பாலோருக்கு அது எந்த அறிகுறியும் காட்டாது என்று மிஸ்ஸி சொன்னபோது, இத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூட அந்த டின்னைத் திறந்து பார்க்காத என்மீது எனக்குக் கோபம் வந்தது.

பிறகு தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, படுகிறதா என்று கேட்டார். செயலிழக்காத இடப் பாதத்திலேயே நான்கு இடங்களில் அம்மாவுக்குத் தெரியவில்லை. இனிப்புநீர் நரம்பைத் தின்றிருக்கிறது. வெடிப்புகளைப் பார்த்து, செருப்பு போடுவதில்லையா என்றார். பனி இறங்கிய விடியலில் வெறுங்காலோடு நிரை நிரையாக நடந்த கால்கள் அவை. வீட்டுக்குள்ளும் வாசலிலும் அம்மா செருப்புப் போட்டு நான் பார்த்ததே இல்லை. "காலுக்கு இனிக் கண்தான் காவல். நீங்கள் தினமும் விரலிடுக்கைப் பாருங்கள்" என்று என்னிடம் சொன்னார். அம்மாவிடம், எழுந்து உட்காரும் நாளில் முதல் வேலையாகச் செருப்பு என்றார். அம்மா பதில் சொல்லவில்லை.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஐயா இருந்த காலத்தை அம்மா அடிக்கடி சொல்வார். பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்பு, முடிந்து அவர் அறை முன் வரிசையில் நிற்பார்கள். எல்லா நோய்க்கும் ஒரே போத்தல் மருந்துதான் என்பார் அம்மா. குறையாகச் சொல்லமாட்டார். நள்ளிரவில் பிரசவத்துக்கு ஓடி வந்ததும் அவர்தான். ஆனால் வேலை ஓய்ந்து தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு அந்த வரிசையும் இல்லாமல் போனது. தாமானுக்கு வந்த கிழவர்களும் கிழவிகளும் பிள்ளைகள் ஓய்வாக இருக்கும் நாளுக்காகக் காத்திருந்து கிளினிக்குக்குப் போகிறார்கள். ஆகவே வாசலுக்கு வரும் இந்தத் தாதியரை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஒரு குறையும் எனக்கு உண்டு. வீட்டில் பராமரிக்க ஆள் இருந்தால்தான் இந்தச் சேவை முழுமையாகப் பயன்படுகிறது. எங்கள் வீட்டு வரிசையிலேயே, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்க, எண்பதை நெருங்கும் கணவனை எழுபதைக் கடந்த மனைவி தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கு இன்னும் அதிகம் தேவை.

ஆறாம் வாரம் மிஸ்ஸி அம்மாவுக்குக் கொதிப்பு பார்த்து முடித்ததும், பட்டையை என் மனைவியின் கையில் கட்டினார். 168க்கு 100. உட்கார வைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தார். குறையவில்லை. அவள் இரண்டு மாதமாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கமின்மை என்று நான் நினைத்திருந்தேன். மறுநாளே கிளினிக்குக்கு வரச்சொல்லித் தேதியைக் கையோடு எழுதிக் கொடுத்தார். ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பார்த்து மருந்து தொடங்கினார்கள். அம்மாவின் புத்தகத்தில் அன்றைய குறிப்பின் கீழே மிஸ்ஸி மனைவியின் அளவையும் எழுதி வைத்தார்.

பத்தாம் வாரத்தில் விழுங்கும் பயிற்சி பலன் தந்து குழாயை எடுத்தார்கள். முதலில் கெட்டியாக்கிய கஞ்சி, ஒரு நேரத்தில் அரைக் கரண்டி, தாடையை மார்போடு சேர்த்து விழுங்க வேண்டும். புண் காய்ந்து புதுத் தோல் மூடியது. சமூகநல இலாகாவின் உதவிக்கு விண்ணப்பிக்க மருத்துவர் கையெழுத்து வேண்டிய படிவத்தையும் மிஸ்ஸியே நினைவூட்டி வாங்கித் தந்தார். மூன்று மாதத்தில் வீட்டு வருகை முடிந்தது. கடைசி நாள் அம்மா அவரை விடவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லி இடக் கையால் சைகை காட்டினார். மிஸ்ஸி உட்கார்ந்து குடித்தார். "இனி நீங்கள்தான் என்னைப் பார்க்க வரவேண்டும், அம்மா" என்று கிளினிக் அட்டையில் தேதியை எழுதினார்.

அந்தத் தேதியில் காலை ஏழு மணிக்கே அம்மா விழித்துக்கொண்டார். வாசல் படிமேல் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, சக்கர நாற்காலியைத் தள்ளக் குனிந்தேன். அம்மா இடக் கையைத் தூக்கி நிறுத்தினார். கதவோரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும், மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

"செ-ருப்-பு."