நடப்பு விஷயத்தை ஹிஸ்டரி ஸ்டூடண்ட்டா எழுதறது எப்படி? என் கட்டுரையும் வைவாவும் கத்துக்குடுத்தது

எம்.ஏ. ஹிஸ்டரி கடைசி வருஷத்துல எங்களுக்கு ஒரு பேப்பர் இருந்துச்சு, ஹால்ல உக்காந்து எழுதற எக்ஸாம் இல்ல, இப்ப நடந்துட்டு இருக்கற ஒரு விஷயத்தை எடுத்து ஹிஸ்டரியே படிக்காத ஒருத்தருக்குப் புரியற மாதிரி 900 வார்த்தையில பத்திரிகைக் கட்டுரையா எழுதணும், அப்புறம் அதை வச்சு வைவா, அதாவது நேர்ல கேள்வி கேக்கற வாய்மொழித் தேர்வு. பாதி மார்க் கட்டுரைக்கு, பாதி வைவாவுக்கு. அடுத்த பேட்ச்ல நிறைய பேர் இதைப் பத்திக் கேட்டுட்டே இருக்கறதால மொத்தமா எழுதிடறேன்.

நான் எழுதினது 2020 கடைசியில, கொரோனா பத்தி. 1918ல உலகம் முழுக்கப் பரவின ஃப்ளூவை எல்லாரும் பேசிட்டு இருந்த நேரம், நானும் அதையே எடுத்தேன். அன்னிக்கும் ஸ்கூல் மூடினாங்க, மாஸ்க் போடச் சொன்னாங்க, 1919 ஜனவரியில சான் பிரான்சிஸ்கோல மாஸ்க்கை எதிர்க்கறதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அப்புறம் எல்லாம் அடங்கி 1920கள் கொண்டாட்டமா போச்சு, அதனால நமக்கும் அப்படி ஒரு காலம் காத்துட்டு இருக்கு, இதான் என் முதல் டிராஃப்ட். படிக்க நல்லா இருந்துச்சு, எனக்கே பிடிச்சிருந்துச்சு.

கைடு மேடம் திருப்பிக் குடுத்தப்போ ஓரத்துல ரெண்டே கேள்வி. "ஒத்துமை எல்லாம் எழுதியிருக்கே, வித்தியாசம் எங்க?" இன்னொண்ணு, கொண்டாட்டம்னு எழுதின இடத்துல, "யாரோட 1920கள்?"

ரெண்டாவது கேள்விதான் முதல்ல உறைச்சுது. அமெரிக்காவுலயே 1920-21ல பெரிய பொருளாதாரச் சரிவு, ஜெர்மனியில 1923ல பணத்துக்கு மதிப்பே இல்லாம போச்சு. அதுவுமில்லாம ஃப்ளூ முடிஞ்சதாலதான் அந்தக் கொண்டாட்டம் வந்துச்சுங்கறதுக்கு என்கிட்ட ஒரு ஆதாரமும் இல்ல, ஒண்ணுக்கு அப்புறம் இன்னொண்ணு வந்ததை வச்சு நானே முடிச்சுப் போட்டுட்டேன்.

அப்புறம் வித்தியாசங்களைத் தேட ஆரம்பிச்சேன், உண்மையான வேலையே அங்கதான் இருந்துச்சு. 1918ல 20லேர்ந்து 40 வயசுக்குள்ள இருந்தவங்க ஏராளமா செத்தாங்க, கொரோனாவுல பெரும்பாலும் வயசானவங்க. அன்னிக்கு நோய்க்குக் காரணம் என்ன வைரஸ்னே தெரியாது, மனுஷங்களைத் தாக்கற ஃப்ளூ வைரஸைப் பிரிச்சு எடுத்தது 1933லதான், கொரோனா வைரஸோட மரபணு வரிசையோ 2020 ஜனவரியிலயே வெளிய வந்துடுச்சு. அப்போ உலகப் போர் நடந்துட்டு இருந்ததால சண்டை போட்ட நாடுகள்ல செய்தித் தணிக்கை, போர்ல சேராத ஸ்பெயின் பத்திரிகைகள் மட்டும் வெளிப்படையா எழுதினதாலதான் அதுக்கு ஸ்பானிஷ் ஃப்ளூன்னே பேர் ஒட்டிக்கிச்சு. மாஸ்க்கும் மூடின ஸ்கூலும் எல்லார் கண்ணுக்கும் தெரியற விஷயம், அதைச் சொல்ல ஹிஸ்டரி படிச்ச ஆள் தேவையில்ல. ரெண்டு காலமும் எங்க பிரியுதுன்னு சொல்றதுக்குத்தான் நாம படிக்கறோம்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

மேடம் இதுக்கு 1976 கதையைப் படிக்கச் சொன்னாங்க, நீங்களும் கட்டாயம் படிங்க. அந்த வருஷம் பிப்ரவரியில அமெரிக்காவுல நியூ ஜெர்சி ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாம்ல ஒரு இளம் சிப்பாய் பன்றிக் காய்ச்சல்ல செத்துப்போனார். 1918 வைரஸோட சொந்தம் இதுன்னு பயம் கிளம்பிடுச்சு. மார்ச்லயே அதிபர் ஃபோர்ட் நாட்டுல எல்லாருக்கும் தடுப்பூசின்னு அறிவிச்சார், 4 கோடிப் பேருக்கு மேல போட்டும் ஆச்சு, ஆனா அந்தத் தொற்று முகாமைத் தாண்டிப் பரவவே இல்ல. ஊசி போட்டவங்கள்ல சிலருக்கு கில்லன் பாரேங்கற நரம்பு நோய் வந்ததால டிசம்பர்ல திட்டத்தையே நிறுத்திட்டாங்க. அவங்க பயந்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அந்த இடத்துல இருந்தா யாருக்கும் பயம் வரும். ஆனா 1918ங்கற ஒரே படம் எல்லார் மனசுலயும் உக்காந்துட்டதால, ஊசியைத் தயாரா வச்சுக்கிட்டு கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்ங்கற வழி பின்னுக்குப் போயிடுச்சு.

இந்த 1976 விஷயத்தை ஆராய்ஞ்ச அரசியல் அறிஞர் ரிச்சர்ட் நியூஸ்டாட், வரலாற்று ஆசிரியர் எர்னஸ்ட் மேவோட சேர்ந்து ஹார்வர்டுல பாடம் எடுத்தார், அவங்க சொல்ற வழி ரொம்ப சிம்பிள். ஒரு பேப்பரை எடுத்து, இப்ப உறுதியா தெரிஞ்சது என்ன, தெளிவில்லாதது என்ன, நாமளா அனுமானிச்சது என்னன்னு மூணா பிரிச்சு எழுதணும், அதுக்கப்புறம்தான் பழைய சம்பவத்தோட ஒத்துமை ஒரு பக்கம், வித்தியாசம் ஒரு பக்கம். நான் இதைச் செஞ்சப்போ அனுமானம்ங்கற பத்திதான் நீளமா போச்சு. கட்டுரை எழுத உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க இதுக்கே ஒதுக்குங்க. 1956ல பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் எகிப்து அதிபர் நாசரை இத்தாலி சர்வாதிகாரி முசோலினி மாதிரி பாத்துட்டு சூயஸ் கால்வாய்ல படையை இறக்கினாரே, அதை இந்த மாதிரி பிரிச்சுப் பாத்துப் பழகிக்கலாம், நல்ல பயிற்சி.

எழுதும்போது வினைச்சொல்லைக் கவனிங்க. பல நாடுகள்ல அரசு ஆவணம் வெளிய வர 20, 30 வருஷம் ஆகும், அதனால "அரசு இப்படி நினைச்சது"ன்னு நாம எழுத முடியாது, "அரசு இப்படி சொல்லுச்சு"ன்னுதான் எழுத முடியும். ஃபுட்நோட்டும் போட முடியாதுங்கறதால எங்கேர்ந்து எடுத்தோம்ங்கறதை வாக்கியத்துக்குள்ளயே சொல்லிடணும். பிரபலமான மேற்கோள் எதையும் சரிபாக்காம போடாதீங்க. பிரெஞ்சுப் புரட்சியைப் பத்திக் கேட்டதுக்கு சீனப் பிரதமர் சூ என்லாய் "இப்பவே சொல்ல முடியாது"ன்னாராம்னு ஒரு கதை இருக்கே, 1972ல அவர் அதைச் சொன்னப்போ கூட இருந்த மொழிபெயர்ப்பாளர், அவர் 1968 பாரிஸ் கலவரத்தைத்தான் சொன்னார்னு பின்னாடி விளக்கிட்டார்.

வைவால எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டாங்க, இன்னும் முடியாத விஷயத்தை ஹிஸ்டாரியன் எழுதலாமா? நான் மார்க் பிளாக்கைச் சொன்னேன். மத்திய கால வரலாறு படிச்சவர், ஐம்பது வயசுக்கு மேல பிரெஞ்சு ராணுவத்துல கேப்டன், 1940ல நாடு ஜெர்மனிகிட்ட தோத்த சில மாசத்துலயே ஏன் தோத்தோம்னு எழுதி வச்சார். 1944ல ஜெர்மன்காரங்க அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க, அந்த எழுத்து அச்சுல வந்தது 1946ல. அவர் அதுல முதல்ல செய்யறது தன்னையே ஒரு சாட்சியா நிறுத்தறது, நான் யாரு, எந்த இடத்துல இருந்து பாத்தேன்னு. ஆவணம் கைக்கு வராத காலத்துல ஒரு ஹிஸ்டாரியன் செய்யக்கூடிய நேர்மையான காரியம் அதுதான்னு நான் நம்பறேன், அன்னிக்கும் அதையேதான் சொன்னேன்.

சப்மிட் பண்றதுக்கு முன்னாடி நாள் கட்டுரையைப் படிச்சு, அடுத்த மாசம் நிலைமை தலைகீழா மாறினா எந்த வரி நிக்காதோ அதுக்குக் கீழ கோடு போடுங்க. எனக்கு நாலு வரி சிக்குச்சு. மூணை எடுத்துட்டேன், தடுப்பூசி எல்லா நாட்டுக்கும் சீக்கிரமே போய்ச் சேந்துடும்னு எழுதின வரியை மட்டும் மனசு வராம விட்டுட்டேன், வைவால ரொம்ப நேரம் பதில் சொல்ல வேண்டி வந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.