ஹீத்ரோவுக்கு 12 மைல் முன்னால்

ஜூன் 4, 2016, சனி

ஏழு மணி நேரம் போச்சு. காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு என் கணினியின் விமான சிமுலேட்டரில் துபாயிலிருந்து கிளப்பிய 777 விமானம், சாயங்காலம் நாலு மணிக்கு ஹீத்ரோவின் 27எல் ஓடுபாதைக்கு நேராக வந்து, உயரம் 3,800 அடி, ஃப்ளாப்ஸ் (இறக்கை மடிப்பு) 5, வலப்பக்கம் தேம்ஸ் ஆறு நெளிந்துகொண்டிருக்கிறது, அப்படியே திரை உறைந்தது. கணினியில் நினைவகம் தீர்ந்துவிட்டது என்று ஒரு பெட்டி. ஓகே அழுத்தினால் டெஸ்க்டாப். அதில் என் பெண்ணின் முதல் பிறந்தநாள் படம், கேக் பூசிய முகத்தோடு சிரிக்கிறது.

அடுக்களையிலிருந்து "ஏங்க, லண்டன் வந்தாச்சா?" என்று குரல். இல்லை, 12 மைல் பாக்கி என்றேன். "அப்ப இறங்கி ஆட்டோ பிடிச்சுப் போயிடுங்க."

இது மூன்றாவது தடவை. மூன்றும் லண்டன் பக்கத்தில்தான். ஏப்ரலில் காசு கொடுத்து வாங்கி சிமுலேட்டரில் சேர்த்த விமானம் இது. செய்தவர்கள் பெயரை எழுதவில்லை, இன்றிருக்கும் கோபத்தில் எழுதினால் மரியாதையாக இருக்காது. இதே விமானத்தில் ஏப்ரலில் இரண்டு தடவை ஹீத்ரோவில் ஒழுங்காக இறங்கியிருக்கிறேன் என்பதுதான் மண்டையைக் குடைகிறது.

என் பெட்டி: ஐ5, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 7 64 பிட், அதில் எஃப்எஸ்எக்ஸ், அதாவது மைக்ரோசாஃப்ட்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். 16 ஜிபியில் பாதிகூட நிரம்பவில்லை, டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன். இதில் என்ன தீர்ந்தது?

இன்னொன்றையும் குறித்து வைக்கிறேன். கடைசிப் பத்து நிமிடம் சில நொடிகளுக்கு ஒருமுறை "டிங்" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. கேபின் ஆட்கள் கூப்பிடும் மணி என்று நினைத்துக் கண்டுகொள்ளவில்லை. இந்த விமானத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு மணி அடிக்கும்.

ஜூன் 5, ஞாயிறு

விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். விழுந்தது எஃப்எஸ்எக்ஸ், விழுந்த இடம் என்டிடிஎல்எல், பிழை எண் சி0000005. அந்த எண்ணுக்கு அர்த்தம், தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொடப் போனது என்பது. என்டிடிஎல்எல் விண்டோஸில் எல்லாரும் நடந்து போகும் பொது வாசல் மாதிரி. பிணம் வாசலில் கிடந்ததால் வாசல்தான் கொன்றது என்று சொல்ல முடியாது. ஆக, ஒன்றும் தெரியவில்லை.

மெனுவைத் திரும்பத் திரும்பத் திறந்தால் விழும் பழைய வியாதி இது இல்லை. அதற்கு யுஐஆட்டோமேஷன்கோர் என்கிற டிஎல்எல்லின் (விண்டோஸ் துணை ஃபைலின்) விஸ்டா காலத்துப் பிரதியை எஃப்எஸ்எக்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும், நான் அதை 2014லேயே போட்டுவிட்டேன். டிஎல்எல் எக்ஸ்எம்எல் ஃபைலில் எதெல்லாம் கூடவே ஏறுகிறது என்று பார்த்து, பயன்படுத்தாத மூன்றை நிறுத்தினேன். விமானத்தை நீக்கி, மறுபடி ஏற்றினேன். 777க்கு வைத்திருந்த 30 சொச்சம் ஏர்லைன் பெயின்ட்டில் 20ஐ மனசே இல்லாமல் அழித்தேன். (பிற்பாடு சேர்த்தது: இது வீண் வேலை. கண்ணில் படும் பெயின்ட் மட்டும்தான் நினைவகத்தில் ஏறும், மற்றதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் சும்மா தூங்கும்.)

எஃப்எஸ்எக்ஸின் செட்டிங் எல்லாம் இருக்கும் சிஎஃப்ஜி ஃபைலின் பெயரை மாற்றிவிட்டால் போதும், அடுத்த தடவை திறக்கும்போது புதிதாக ஒன்று தானே உருவாகும், பாதிப் பிரச்சினை அதிலேயே போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த முதலுதவி. நான் செய்யவில்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு வரியாகச் செதுக்கிய ஃபைல் அது. அதில் கை வைப்பதாக இல்லை.

ஜூன் 7, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து வந்து சோதனை. எஃப்எஸ்எக்ஸோடு வரும் 747ஐ எடுத்து, ஹீத்ரோவுக்கு 20 மைல் வெளியே வைத்து இறக்கினேன். மழை, மேகம், ட்ராஃபிக் எல்லாம் அப்படியேதான். ஒன்றும் ஆகவில்லை, வெண்ணெய் மாதிரி இறங்கியது. சரி, 777தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, விற்றவர்களுக்குச் சூடாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு பத்தி. "பணத்தைத் திருப்பித் தரவும்" வரை வந்துவிட்டது.

அனுப்பும் முன் சும்மா ஒரு தடவை அதே 20 மைலில் 777ஐ வைத்துப் பார்த்தேன். அதுவும் இறங்கிவிட்டது.

கடிதம் ட்ராஃப்ட்டில் கிடக்கிறது.

ஜூன் 8, புதன்

டீக்கடையில் நண்பனிடம் புலம்பினேன். அவனுக்கு விமானமும் தெரியாது, சிமுலேட்டரும் தெரியாது, சாஃப்ட்வேர் மட்டும் தெரியும். முழுசாகக் கேட்டுவிட்டு, "அது எந்த வருஷத்து ப்ரோக்ராம்டா?" என்றான். 2006 என்றேன். "32 பிட்டா?" ஆமாம்.

"மாப்ள, ஒரு ஊர்ல வீட்டு நம்பர் பலகையில நாலு இலக்கம்தான் எழுத இடம் இருக்குன்னு வச்சுக்க. 9999க்கு அப்புறம் எவ்வளவு பொட்டல் கிடந்தாலும் புது வீடு கட்ட முடியாது, நம்பர் இல்ல. உன் 16 ஜிபி பொட்டல் நிலம். 32 பிட் ப்ரோக்ராமுக்கு நாலு ஜிபிக்கு மேல நம்பர் போடத் தெரியாது."

அவன் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. டாஸ்க் மேனேஜர் மாமூலாகக் காட்டுவது ரேமில் உட்கார்ந்திருப்பதை மட்டும்தான், எத்தனை நம்பர் செலவானது என்பதை அது காட்டாது. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்கிற விண்டோஸ் கருவியில் விர்ச்சுவல் சைஸ் என்று ஒரு நெடுவரிசை உண்டு, செலவான நம்பர் அதில் தெரியும், அதைப் பார்க்கச் சொன்னான். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

ஜூன் 11, சனி

மறுபடி துபாய், மறுபடி ஏழு மணி நேரம். இந்தத் தடவை இறங்குவதற்காகப் பறக்கவில்லை. மளிகைக்கடை காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கம், பேனா, பக்கத்துத் திரையில் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்.

துபாயில் கதவு மூடும்போதே 3.0 ஜிபி. ஒரு அடி நகரவில்லை, அதற்குள் நாலு ஜிபியில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. ஈரான் மேலே 3.1. துருக்கி தாண்டும்போது 3.3. ஜெர்மனியில் 3.5. கடந்து வந்த நாட்டை அது கீழே இறக்கி வைத்ததாகவே தெரியவில்லை, எண் ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. லண்டன் நெருங்கியதும் நான் தனியாக வாங்கிப் போட்ட ஹீத்ரோ சீனரி ஒரே மூச்சில் ஏறியது, 3.8. அங்கேதான் "டிங்" ஆரம்பித்தது. இந்தத் தடவை சத்தத்தை நிறுத்தித் தேடினேன். கேபினும் இல்லை, விமானமும் இல்லை. ஜாய்ஸ்டிக்குக்காகப் போட்டிருந்த எஃப்எஸ்யுஐபிசி என்கிற துணை ப்ரோக்ராம், இடம் தீரப்போகிறது என்று அடிக்கும் எச்சரிக்கை மணி அது. மூன்று தடவை பத்து நிமிடம் காது கிழியச் சொல்லியிருக்கிறது, நான் யாரோ காபி கேட்கிறார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

3.94ல் விழுந்தது. இந்த முறை சந்தோஷமாக இருந்தது, என்ன சொல்ல.

20 மைலில் வைத்து இறக்கியபோது ஏன் விழவில்லை என்பதும் இப்போது புரிகிறது. அதற்கு ஈரான், துருக்கி, ஜெர்மனி மூட்டை முதுகில் இல்லை.

ஜூன் 12, ஞாயிறு

சரி, துபாயில் நிற்கும்போதே 3.0 எப்படி வந்தது? செதுக்கிய சிஎஃப்ஜியைத் திறந்தேன். எல்ஓடி ரேடியஸ், அதாவது விமானத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் தரை துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பது, 6.5. எஃப்எஸ்எக்ஸ் மெனுவில் அதிகபட்சமே 4.5தான், நான் கையால் ஏற்றியது, தூரத்து மலை மங்கலாகத் தெரிகிறதே என்று. ஆரம் 4.5லிருந்து 6.5 ஆனால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல், பத்தாம் வகுப்புக் கணக்கு. அதற்குக் கீழே டெக்ஸ்சர் மேக்ஸ் லோட், மேலே ஒட்டும் படங்களின் அதிகபட்ச அளவு, 4096. மாமூலாக இருப்பது 1024. பக்கத்துக்கு நாலு மடங்கு என்றால் படத்துக்குப் பதினாறு மடங்கு. ஏர்லைன் ட்ராஃபிக் 100 சதவீதம், அத்தனை விமானமும் 4096 சட்டை போட்டுக்கொண்டு ஹீத்ரோவில் வரிசையில் நிற்கிறது.

ஏப்ரல் மர்மமும் இதிலேயே அவிழ்ந்தது. டிஸ்ப்ளே செட்டிங்கில் எதையாவது மாற்றினால் எஃப்எஸ்எக்ஸ் இந்த இரண்டு வரியையும் சத்தமில்லாமல் 4.5க்கும் 1024க்கும் திருப்பிவிடும். ஏப்ரலில் புது விமானம் வந்த உற்சாகத்தில் செட்டிங்கை நோண்டிக்கொண்டே இருந்தேன், அதனால் தப்பித்தேன். மே மாதம் "என்னடா மலை மறுபடி மங்குகிறது" என்று நானே உட்கார்ந்து பழையபடி ஏற்றியிருக்கிறேன். 777 பெரிய சாப்பாட்டுக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பந்தி முழுக்க இலை போட்டு வைத்தது நான்.

சிஎஃப்ஜியின் பெயரை மாற்றினேன். புதிதாக வந்ததில் எதையும் செதுக்கவில்லை, நினைவகச் சிக்கலுக்கான ஹைமெம்ஃபிக்ஸ் என்கிற ஒரு வரி மட்டும் சேர்த்தேன், ட்ராஃபிக் 20 சதவீதம். சீனரி லைப்ரரியில், இந்த வழியில் வராத சியாட்டில், இன்ஸ்ப்ரூக், ஹாங்காங் எல்லாவற்றுக்கும் டிக் எடுத்தேன். துபாயில் நிற்கும்போது இப்போது 2.3.

எக்ஸ்-ப்ளேன் 10 என்கிற இன்னொரு சிமுலேட்டருக்கு மாறிவிடு, அது 64 பிட் என்று நண்பன் மெசேஜ் அனுப்பினான். இரண்டு நாளில் அதையும் படித்துவிட்டான் பாவி. வாங்கிக் குவித்த விமானமும் சீனரியும் அங்கே ஏறாது என்று அவனுக்கு யார் சொல்வது.

ஜூன் 18, சனி

துபாய் 2.3. துருக்கி 2.6. ஜெர்மனி 2.8. ஹீத்ரோ ஏறியதும் 3.2. தூரத்து மலை மங்கல்தான், பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் வயிறு எரிந்தது. 12 மைல் தாண்டும்போது சுட்டியில் இருந்து கையை எடுத்துவிட்டேன், தொட்டால் உறைந்துவிடும் போல ஒரு பயம். டிங் இல்லை. சக்கரம் இறங்கியது, ஃப்ளாப்ஸ் 30, காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளியது, தரை தொட்டது ஒன்றும் அழகாக இல்லை, ஒரு குதி குதித்துத்தான் நின்றது. வாயிலுக்குப் போய் எஞ்சின் நிறுத்தும்போது 3.3.

ட்ராஃப்ட்டில் கிடந்த கடிதத்தை அழித்தேன். "ஏங்க, வந்தாச்சா?" வந்தாச்சு என்றேன்.

"அப்ப இந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவிக் குடுங்க."