0.42க்கும் 0.46க்கும் நடுவில்

"ஏறியிருக்குன்னு உறுதியா சொல்ல முடியாது அய்யா. மாதிரி எடுத்த இடம் மாறினாலே இந்த அளவு வித்தியாசம் வரும்."

மண் பரிசோதனைக் கூடத்தில் அந்த விவசாயியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அவர் தன் வயலின் இரண்டு மண் பரிசோதனை அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மக்கிய பயிர்க்கழிவிலிருந்து மண்ணில் சேரும் அங்ககக் கரிமம் நாலு வருஷத்துக்கு முன் 0.42 சதவீதம், இப்போது 0.46. இரண்டுமே 0.5க்குக் கீழே என்பதால் இரண்டிலும் 'குறைவு' என்றே அச்சாகியிருந்தது.

"அப்ப நாலு வருஷமா வைக்கோலை விக்காம மடக்கி உழுதது எதுக்கு தம்பி?"

"மண்ணுக்கு நல்லதுதான் அய்யா" என்றேன். அந்த சம்பா அறுப்பு முடிந்ததும் அவர் வயலில் வைக்கோல் கட்டும் மிஷின் இறங்கியது.

நான் சொன்னதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கரிமத்தை அளக்க டைகுரோமேட் என்ற ரசாயனமும் கந்தக அமிலமும் ஊற்றி, பிறகு சொட்டுச் சொட்டாக விட்டு அளவிடும் டைட்ரேஷன் என்ற பழைய முறைதான் எங்களுடையது. ஒரே மண்ணை இரண்டு குடுவையில் போட்டாலும் இரண்டாவது தசம இலக்கம் ஒத்துப்போவதில்லை. இதில் வயலுக்குள் பத்தடி தள்ளி மண்வெட்டியைப் போட்டால் இன்னும் மாறும். இல்லாத உயர்வை உண்டென்று சொல்லி ஒருவரை வருமானத்தை இழக்கச் செய்ய எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் ஏற்கெனவே நிறைய இழந்திருந்தார். முதல் வருஷம் நட்ட பயிர் வெளுத்துப்போனது. வைக்கோலில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அதையும் தாங்கிக்கொண்டுதான் தொடர்ந்தார்.

ஆனால் பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறக்குறைய எட்டரை லட்சம் கிலோ. அதில் 0.04 சதவீதம் என்றால் 340 கிலோ கரிமம். ஏக்கருக்கு வருஷம் 2 டன் வைக்கோல், அதில் கரிமம் 40 சதவீதம் என்று வைத்தால் நாலு வருஷத்தில் மண்ணுக்குள் போனது 3,200 கிலோ. பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடும். நம் வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும். அவருடையது களிமண்ணும் இல்லை, கல்லணைக் கால்வாய்ப் பக்கத்து மணல் கலந்த நிலம். பற்றிவைத்துக்கொள்ள அதில் களித்துகள் குறைவு. பத்தில் ஒரு பங்கு தங்கினாலே பெரிது. அந்தப் பத்தில் ஒரு பங்கு 320 கிலோ.

அதாவது சோதனைப் பிழை என்று நான் ஒதுக்கிய வித்தியாசமும், நாலு வருஷ உழைப்புக்கு நியாயமாக வரவேண்டிய உயர்வும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நான் சொன்னது சரி. ஏறியிருக்கும் என்று அவர் நம்பியதும் சரியாக இருந்திருக்கலாம்.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையின் ஹூஸ்ஃபீல்டு வயலில் ஒரு துண்டு நிலத்துக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுவுரம் போட்டு நிறுத்தினார்கள். நூறு வருஷம் கழித்தும், உரமே போடாத பக்கத்துத் துண்டைவிட அதில் கரிமம் அதிகம் இருந்தது. குளிர் நாட்டு மண் என்பது உண்மைதான். ஆனாலும் இதைப் படித்ததிலிருந்து அந்த அட்டைகள் கண்ணில் வந்து நிற்கின்றன.

மறுபக்கமும் இருக்கிறது. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் பச்சை வைக்கோலை மடக்கி உழுதால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கூடுகிறது. நடவுக்கு வெகுமுன்பே உழுது மக்கவிட்டால் குறையும். ஆனால் கால்வாயில் தண்ணீர் வரும் தேதி அவர் கையிலா இருக்கிறது? கரிமத்துக்காக அவரை இதில் பிடித்து நிறுத்தியிருந்தால், புவி சூடாவதைப் பொறுத்தவரை அது லாபமா நஷ்டமா என்று என்னால் சொல்ல முடியாது. வைக்கோலை விற்றாலும் வேரும் தாளும் வயலில்தானே இருக்கின்றன, வேரிலிருந்து வரும் கரிமம்தான் மண்ணில் நன்றாகத் தங்குகிறது என்று சில நேரம் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். கோடையில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து 45 நாளில் மடக்கி உழுதால் இன்னும் நல்லது. ஆனால் அவர் என்னிடம் கேட்டது இது எதுவும் இல்லை. ஏறியிருக்கா என்றுதான் கேட்டார்.

இப்போது யாராவது வைக்கோலைப் பற்றிக் கேட்டால், முதல் சில வருஷம் இந்த எண்ணைப் பார்க்காதீர்கள், உழும்போது கட்டி எப்படி உடைகிறது, ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள் என்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள். மண்ணைக் கொண்டுவாருங்கள், அளந்து சொல்கிறோம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்களும் நாங்கள்தான்.